மின்குமிழ்களை உடையாமல் லொறியில் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய குமிழ்ப் பெட்டி திருகோணமலைக் கடைக்கு வந்து சேர்வதற்குள் நாலைந்து தடவை கை மாறுகிறது. நாட்டாமையின் (சுமை தூக்குபவரின்) தள்ளுவண்டி, லொறிச் சேவையின் களஞ்சியம், லொறி, இங்கே இறக்குமிடம், பிறகு ஆட்டோ. அதையே கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ வெருகலுக்கோ மேலும் அனுப்பினால் இன்னும் இரண்டு மூன்று கைகள். குமிழ் அதிகம் உடைவது இந்தக் கைமாற்றங்களில்தான். ஓடுகிற லொறி உடைப்பது குறைவு. அது செய்வது வேறு வேலை. திருகோணமலைக்கு வரும் ஏ6 வீதியில் இரவு முழுக்க வரும் அதிர்வு பெட்டிக்குள் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி இடைவெளி உண்டாக்கி வைக்கும். அடுத்த கை பெட்டியைத் தொப்பென்று வைக்கும்போது அந்த இடைவெளிதான் கண்ணாடியை உடைக்கும்.

அதனால் பெட்டியை முதலில் விழுவதற்காகக் கட்ட வேண்டும், பிறகு அதிர்வுக்காக, கடைசியாக ஈரத்துக்காக. கீழே உள்ள வரிசையும் அதுதான். வரிசையை மாற்றினால் பாதி வழியில் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டி வரும்.

1. எந்தக் குமிழ் என்று முதலில் பிரியுங்கள்

எல்லாவற்றையும் "பல்ப்" என்று ஒரே பெட்டியில் போடுவதுதான் முதல் பிழை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் உடையும்.

வெள்ளை பிளாஸ்டிக் மூடிய சாதாரண எல்.ஈ.டி. குமிழ் விழுந்தால் நொறுங்காது. ஆனால் மேல்மூடி கழன்றுவிடும், உள்ளே உள்ள சின்னச் சுற்றுப்பலகை ஆடிவிடும். கண்ணாடிக்குள் மஞ்சள் இழை தெரிகிற எல்.ஈ.டி. குமிழ்கள் வேறு சாதி. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் அலங்காரத்துக்குக் கேட்பது இவற்றைத்தான். இவை முழுக்க மெல்லிய கண்ணாடி, பெரிய உருண்டைகளாக இருந்தால் இன்னும் மோசம். பழைய டங்ஸ்டன் குமிழில் கண்ணாடியும் உடையும், இழையும் அறும். குளிர்ந்த டங்ஸ்டன் இழை எளிதில் முறியக்கூடியது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே அறுந்து வரும்.

வாகனத்துக்குப் போடும் ஹலஜன் குமிழை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் எரியும்போது மிகையாகச் சூடேறி, குமிழ் சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து விடுங்கள்.

சீ.எப்.எல். குமிழிலும் பழைய வகை டியூப் லைட்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. இவற்றை மற்றவற்றோடு கலக்காமல் தனிப் பெட்டியில் போடுங்கள். ஒன்று உடைந்தால் மற்றச் சரக்கெல்லாம் தூசு படிந்து போகும்.

2. வேலைக்கு உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து தட்டு நெளி அட்டையில் புதிய வெளிப்பெட்டி, மூன்று தட்டு அட்டையில் உள்பெட்டிகள், குமிழுக்கு ஒன்றாக உறைப்பெட்டி, 10 மி.மீ. குமிழி உள்ள பபிள் ராப், 2 அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை, 48 மி.மீ. அகல டேப், தடித்த பொலித்தீன் பை, மாக்கர் பேனா. அட்டையை வெட்ட நல்ல பிளேட் ஒன்று.

பிஸ்கட், சவர்க்காரம் வந்த பழைய பெட்டியை வெளிப்பெட்டியாக எடுக்க வேண்டாம். ஒருமுறை மடிந்து, நசுங்கி, ஈரம் பட்ட அட்டை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நெளிகள் உள்ளே படுத்துவிட்டிருக்கும். பெட்டி பாரம் தாங்குவது அதன் நான்கு மூலைகளில்தான். பழைய பெட்டியில் முதலில் சாவது அந்த மூலைகள்.

நிரப்புவதற்கு என்ன போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கந்தளாய்ப் பக்கம் உமி சும்மா கிடைக்கிறது, வைக்கோலும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம். உமி அதிர்வில் தண்ணீர்போல ஓடும். குமிழ் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய் அட்டையைத் தொட்டு நிற்கும். வைக்கோல் ஈரத்தை இழுக்கும், பூச்சியும் வரும். கசக்கிய பத்திரிகைத் தாள் கட்டும்போது இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் சில மணி நேர அதிர்வில் தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது. சுற்றுவதற்குத் தாள் சரி. தாங்குவதற்குச் சரியில்லை.

3. கட்டுவதற்கு முன் எரித்துப் பாருங்கள்

ஒரு பலகையில் பின் வைத்த பி22 ஹோல்டர் ஒன்றும் திருகும் ஈ27 ஹோல்டர் ஒன்றும் பொருத்தி வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஆறேழு குமிழ் பார்க்கலாம். எத்தனை நல்லது, எத்தனை பழுது என்று கணக்கு எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் அனுப்பினால் எரியாத குமிழ் வழியில் போனதா, ஆரம்பத்திலேயே போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. சண்டை அங்கேதான் தொடங்கும்.

எரித்துப் பார்க்கும்போதே உலோகத் தொப்பியை விரலால் மெல்லத் திருகிப் பாருங்கள். கண்ணாடிக்கும் தொப்பிக்கும் இடையில் சிறிது ஆட்டம் இருந்தாலும் அந்தக் குமிழை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒட்டுப் பசை ஏற்கெனவே விட்டிருக்கிறது, லொறி மிச்சத்தை முடித்துவிடும். எல்.ஈ.டி. குமிழைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கிலுகிலு என்றால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது.

டங்ஸ்டன், ஹலஜன் குமிழ்களைச் சூடு ஆறாமல் உறையில் போட வேண்டாம். பத்து நிமிடம் விடுங்கள்.

4. ஒவ்வொரு குமிழுக்கும் தனி உறை

இந்த ஒரு படி சரியாக இருந்தால் மற்றப் படிகளில் சிறு பிழை வந்தாலும் குமிழ் தப்பும். அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம்.

சாதாரண அளவுக் குமிழ் 60 மி.மீ. விட்டமும் சுமார் 110 மி.மீ. நீளமும் இருக்கும். அதற்கான உறைப்பெட்டி 62 மி.மீ. சதுரமும் 115 மி.மீ. உயரமும் வேண்டும். அந்த மேலதிக 5 மி.மீ. உயரம்தான் முக்கியம். மேலே பாரம் வந்தால் அதை உறையின் அட்டைச் சுவர் தாங்க வேண்டும், கண்ணாடி தாங்கக் கூடாது. உறையின் விளிம்புக்கு மேல் குமிழ் ஒரு நூல் உயர்ந்து நின்றாலும் முழுப் பாரமும் கண்ணாடியில் இறங்கும். உறைகளை வரிசையாக நிறுத்தி மேலே ஒரு அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். அடிமட்டம் எங்கும் கண்ணாடியைத் தொடக் கூடாது.

உறையை நீங்களே வெட்டுவதானால் அட்டையின் நெளிகள் நின்றவாக்கில் வரும்படி வெட்டுங்கள். படுத்தவாக்கில் இருந்தால் விரலால் அழுத்தினாலே மடியும்.

கம்பனி உறையோடு வந்த குமிழ் என்றால் அதைக் கழற்ற வேண்டாம். ஆனால் கடைகளில் தொங்கவிடும் மெல்லிய மட்டை உறை விற்பனைக்கு அழகுக்காகச் செய்தது. நெளி அட்டை இல்லை. அப்படியானதை ஒரு சுற்று பபிள் ராப்போடு மறுபடி உறையில் இறக்குங்கள். கண்ணாடி உருண்டைகளுக்கு இரண்டு சுற்று, குமிழிப் பக்கம் உள்ளே பார்க்க. டேப்பை ராப்பில்தான் ஒட்ட வேண்டும், கண்ணாடியில் அல்ல. வாங்குபவர் டேப்பை இழுக்கும்போது குமிழும் கூடவே வரும்.

உறைக்குள் போட்ட பிறகு கையில் எடுத்து ஆட்டுங்கள். டக் என்று ஒரு சத்தம்கூட வரக் கூடாது. வந்தால் தொப்பிப் பக்கம் ஒரு துண்டு நெளி அட்டையை மடித்துச் செருகுங்கள். கண்ணாடிப் பக்கம் திணிக்க வேண்டாம்.

5. உள்பெட்டியும் வெளிப்பெட்டியும்

பெட்டியை முதலில் தேடிப் பிடித்து, பிறகு குமிழை அதற்குள் அடைப்பது தலைகீழ் வேலை. கணக்கு உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும்.

60 குமிழ் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு உள்பெட்டியில் பத்து: ஐந்து நீளத்துக்கு, இரண்டு அகலத்துக்கு. அளவு 31 × 12.5 × 12 செ.மீ. வரும். மூன்று உள்பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தட்டு, 31 × 37.5 செ.மீ. அதற்கு மேல் ஒரு அட்டைத் தட்டைப் பரப்பி இன்னொரு மூன்று. உயரம் 24.5 செ.மீ. இதைச் சுற்றி ஆறு பக்கமும் 5 செ.மீ. ரெஜிபோம் வர வேண்டும். ஆகவே வெளிப்பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 41 × 48 × 35 செ.மீ.

5 செ.மீ. என்பது ஆடம்பரம் இல்லை. பெட்டி விழும்போது உள்ளே இருப்பது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் அது. தூரம் குறைந்தால் அதே வீழ்ச்சி கூடுதல் அடியாக மாறும். பலர் அடியிலும் மேலும் போட்டுவிட்டுப் பக்கங்களை வெறுமையாக விடுகிறார்கள். பெட்டி தரையில் விழும்போது நேராக விழுவது அரிது, மூலையில்தான் விழும்.

இரண்டு தட்டுக்கு நடுவில் போடும் அந்த அட்டையை விட்டுவிட வேண்டாம். மேல்தட்டு உறைகளின் விளிம்பு கீழ்த்தட்டு உறைகளின் வாய்க்குள் இறங்காமல் தடுப்பது அதுதான்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த 60 குமிழ்ப் பெட்டி 7 கிலோவைத் தாண்டாது. 15 கிலோவுக்கு மேல் போனால் ஒருவர் வயிற்றளவில் தூக்கி வந்து கடைசி அரை அடியில் கைவிடுவார். அதைவிடப் பலர் எதிர்பாராதது மறுபக்கம்: 3 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை, எறிகிறார்கள். லொறியின் மேல் நிற்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் இடையில் அது பந்து. பத்துப் பதினைந்து குமிழ் மட்டும் அனுப்புவதானால் வேறு சாமானோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கையால் தூக்க வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

6. டியூப் லைட்டுக்கு வேறு முறை

நாலடி டியூபை அட்டைப் பெட்டியில் அனுப்பினால் நடுவில் வளைந்து முறியும், அல்லது முனையில் உள்ள பின்கள் உள்ளே தள்ளப்படும். ஏழு வரை அனுப்ப 110 மி.மீ. பி.வி.சி. குழாய் போதும்.

26 மி.மீ. தடிப்புள்ள டி8 டியூபைப் பபிள் ராப்பில் ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 32 மி.மீ. ஆகும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு டியூப்கள் ஒரு கட்டாக 96 மி.மீ. விட்டத்துக்கு வரும். குழாயின் உள்விட்டம் 100 மி.மீ.க்குச் சற்று மேல். கட்டை வெளியே வைத்தே இரண்டு இடத்தில் டேப் போட்டுவிட்டு உள்ளே இறக்குங்கள். ஒவ்வொன்றாகச் செருகினால் கடைசி டியூப் மற்றவற்றை உரசிக்கொண்டு போகும்.

டியூப் பின்னோடு சேர்த்து 121 செ.மீ. இருக்கும், குழாயை 130 செ.மீ.க்கு வெட்டுங்கள். இரு முனையிலும் மிஞ்சும் 4.5 செ.மீ.யில் ரெஜிபோம் வட்டம் வெட்டிச் செருகி மூடியைப் போட்டு டேப் சுற்றுங்கள். மூடியைப் பசை வைத்து ஒட்ட வேண்டாம். வாங்குபவர் குழாயை வாளால் அறுக்க நேரும். குழாய் உருளும் என்பதால் இரண்டு குழாயைச் சேர்த்துக் கட்டினால் நல்லது.

7. மூடுதலும் மழையும்

அடிப்பக்கத்துக்கு டேப் இரண்டு அடுக்கு. நடுப் பிளவின் மேல் ஒன்று ஓட்டி, இரு ஓரங்களிலும் குறுக்கே ஒன்று, எச் எழுத்து வடிவத்தில். பக்கச் சுவரில் 7 செ.மீ.யாவது இறங்க வேண்டும். அட்டையில் தூசியோ ஈரமோ இருந்தால் டேப் ஒட்டியதுபோல் இருந்து அரைநாளில் எழும்பும். முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள்.

சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது பழைய பழக்கம். கயிறு மூலையை வெட்டும். கட்டத்தான் வேண்டும் என்றால் மூலைகளில் மடித்த அட்டைத் துண்டு வைத்துக் கட்டுங்கள்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இங்கே வடகீழ்ப் பருவமழை. ஈரம் நன்றாக ஏறிய அட்டை ஏறக்குறைய பாதிப் பலத்தை இழக்கும். படங்கு போட்ட லொறியாக இருந்தாலும் இறக்குமிடத்தில் நிலம் நனைந்திருக்கும். அதனால் உள்பெட்டிகளை எல்லாம் சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அதை வெளிப்பெட்டிக்குள் இறக்குங்கள். வெளிப்பெட்டிக்கு மேலே பொலித்தீன் சுற்றினால் பிடி வழுக்கும், பெட்டி கையிலிருந்து நழுவும். மழையிலிருந்து காப்பாற்றப் போய் விழுத்தியதாக முடியும்.

ஹோட்டல்காரருக்கு அனுப்புவோருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரலில் அனுப்பினால் மழைத் தொல்லை பெரிதாக இராது.

8. ஒரு பெட்டியை வேண்டுமென்றே விழுத்துங்கள்

புதிய அளவில் பெட்டி கட்டும்போது முதல் பெட்டியில் எரிந்து முடிந்த பழைய குமிழ்களைப் போடுங்கள். எரியாத குமிழின் கண்ணாடியும் அதே கண்ணாடிதான், அதே இடத்தில்தான் உடையும்.

பொதிகளைச் சோதிக்க இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு வகுத்த 1ஏ சோதனையில் 9.5 கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்துத் தடவை விழுத்துவார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். 76 செ.மீ. என்பது கடை மேசையின் உயரம்தான். 9.5 முதல் 19 கிலோ வரை 61 செ.மீ. போதும். பாரமான பெட்டியை அவ்வளவு உயரம் யாரும் தூக்குவதில்லை என்பது கணக்கு.

மூலையை முதலில் விழுத்துங்கள். அது தப்பினால் மற்றவை பெரும்பாலும் தப்பும். முடிந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஆட்டிப் பாருங்கள், பிறகு திறவுங்கள். ஒரு குமிழ் உடைந்தாலும் அந்தப் பெட்டி அனுப்பத் தகுதியில்லை.

9. அடையாளங்கள்

"உடையும் பொருள்" என்று சிவப்பில் எழுதினால் கவனமாகப் பிடிப்பார்கள் என்பது நம்பிக்கை மட்டுமே. எழுதத்தான் வேண்டும், ஆனால் பெட்டி அதை நம்பி இருக்கக் கூடாது.

எழுதுவதானால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், அதைவிடப் படம் நல்லது. ஐ.எஸ்.ஓ. 780 என்ற சர்வதேசத் தர அடையாளங்கள் எல்லா நாட்டாமைமாருக்கும் பழக்கம்: உடைந்த கோப்பை அல்ல, முழு வைன் கிளாஸ், மேல்நோக்கிய இரண்டு அம்பு, குடை. இவற்றை மேலே ஒட்டாமல் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். மேலே ஒட்டியது அடுத்த பெட்டி ஏறியதும் மறைந்துவிடும். முகவரியும் தொலைபேசி இலக்கமும் இரண்டு பக்கத்தில், இன்னொரு பிரதி உள்ளே.

10. லொறியில் எங்கே

ஏற்றும்போது நீங்களோ உங்கள் ஆளோ பக்கத்தில் நின்றால் மேலே சொன்ன எல்லா அடையாளங்களையும் விட அதிகப் பலன்.

பின் சில்லுக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். பெட்டிகளை முன்பக்கம், சாரதிப் பெட்டியை ஒட்டிய சுவரோடு வைக்கக் கேளுங்கள். அதற்குப் பின்னால் நழுவி வரக்கூடிய சீமெந்து மூட்டையோ டின்னோ இருந்தால் முதல் பிறேக்கிலேயே அது குமிழ் மேல் வரும். நடுவில் அரிசி மூட்டைபோல் நகராத ஒன்று இருக்கட்டும்.

ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்போது மூலைக்கு நேர் மூலை வர வேண்டும். செங்கல் கட்டுவதுபோல் மாறி மாறி அடுக்கினால் அடுக்கு சரியாது என்று செய்வார்கள். ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடு மூடியில் இறங்கும், அங்கே பலம் இல்லை. குமிழ்ப் பெட்டி மூன்றுக்கு மேல் உயர வேண்டாம்.

மீன் ஏற்றிக் கொழும்புக்குப் போன லொறி வெறுமையாகத் திரும்பும்போது கூலி குறைவு என்று சிலர் அதில் போடுகிறார்கள். தட்டில் ஐஸ் தண்ணீர் நின்றிருக்கும், அட்டை அடியிலிருந்து உறிஞ்சும். அப்படி ஏற்றுவதானால் கீழே மரச்சட்டமும் படங்கும் கட்டாயம்.

மூதூர், வெருகல் பக்கக் கிராமங்களுக்குக் கடைசித் துண்டு வழி லான்ட்மாஸ்டரில் (இழுவைப் பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரத்தில்) போகும் என்றால், பெட்டிக்குக் கீழே நெல் மூட்டை ஒன்றைப் பரப்பி அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். வெறும் இரும்புத் தட்டில் வைத்தால் ஏ6 வீதி முழுக்கத் தப்பி வந்த டங்ஸ்டன் இழை அந்த இரண்டு மைலில் அறும்.

கொடுக்கும்போது வாங்கும் துண்டின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். கண்ணாடிச் சாமானுக்குப் பொறுப்பில்லை என்ற வரி இருந்தால், பெறுமதியை எழுதிக் கூடுதல் கட்டணத்தில் ஏற்பார்களா என்று அப்போதே கேளுங்கள். உடைந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

11. இறக்கி எடுக்கும்போது

கையெழுத்துப் போடுமுன் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். நசுங்கிய மூலை, ஈரக்கறை, மறுபடி ஒட்டிய டேப் எதுவானாலும் துண்டில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. கைத்தொலைபேசியில் படம், பெட்டி இன்னும் லொறிக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே.

உள்ளே கண்ணாடிச் சத்தம் கேட்கும் பெட்டி சீ.எப்.எல். அல்லது டியூப் என்றால் கடைக்குள் கொண்டுபோகாமல் வெளியே வைத்துத் திறவுங்கள். விளக்குமாறு போட வேண்டாம், தூசு பறக்கும். மட்டைத் துண்டால் வழித்தெடுத்து, மிச்சத்தை டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி, எல்லாவற்றையும் இறுக்க மூடும் போத்தலில் போடுங்கள். கடைக்குள் உடைந்துவிட்டால் ஆட்களை வெளியே அனுப்பி, கதவு யன்னல்களைத் திறந்து கால்மணி நேரம் விட்ட பிறகு இதைச் செய்யுங்கள்.

12. எங்கே உடைந்தது என்று பார்த்தால் ஏன் என்று தெரியும்

உடைந்ததை உடனே கொட்டிவிட வேண்டாம். பெட்டிக்குள் அது இருந்த இடத்தைப் பாருங்கள்.

ஒரு மூலையில் மட்டும் உடைந்திருந்தால் பெட்டி அந்த மூலையில் விழுந்திருக்கிறது. வெளிமூலையிலும் நசுங்கல் தெரியும். அங்கே ரெஜிபோம் இரண்டு துண்டு சேரும் இடத்தில் இடைவெளி இருந்ததா என்று பாருங்கள். மேல்தட்டு மட்டும் போயிருந்தால் மேலே பாரம் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது உறை குட்டையாக இருந்திருக்கிறது. நடுவில் இருந்தவை உடைந்து ஓரங்கள் தப்பியிருந்தால் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன: உறை தளர்வு.

கண்ணாடி எல்லாம் முழுசாக இருந்து தொப்பிகள் ஆடினால், அல்லது இழைகள் அறுந்திருந்தால், அது அதிர்வு. பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம், லொறியில் வைத்த இடத்தைக் கேளுங்கள்.

எல்லாத் தட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிப்பெட்டியில் ஒரு அடையாளமும் இல்லாமல் உடைந்திருந்தால், அனேகமாக அது உங்கள் கடைக்கு வருமுன்பே உடைந்த சரக்கு. மூன்றாம் படியில் எரித்துப் பார்க்கும்போது எழுதிவைத்த கணக்கை எடுத்துப் பாருங்கள்.